வெறும் மராங்கோன்

வெனிஸுக்குத் தெற்கே, போ என்கிற நதி கடலில் கலக்கிற இடத்தில் இருக்கிறது எங்கள் ஊர், போர்த்தோ லீவோ. மொத்தம் அறுநூற்றுப் பதினோரு பேர். அதில் முந்நூற்றெண்பது பேருக்கு மராங்கோன்தான் குடும்பப்பெயர். மீதிப் பேர் மராங்கோன்களைக் கட்டிக்கொண்டவர்கள், இல்லையென்றால் வேலைக்கு வந்து மாட்டிக்கொண்டவர்கள்.

இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று படுவா நகரத்திலிருந்து ஒரு வாத்தியார் வந்து கோயில் பதிவேடுகளை ஒரு வாரம் புரட்டினார். எங்கள் பேச்சில் மராங்கோன் என்றால் தச்சன். கரைகளில் மதகுக் கதவு செய்ய ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் வெனிஸ் பக்கமிருந்து ஒரு தச்சன் வந்தான், அவனுக்கு ஒன்பது ஆண்பிள்ளைகள், அவ்வளவுதான் விஷயம் என்று சொல்லிவிட்டுப் போனார். மதுக்கடையில் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. தண்ணீரில் முங்கி மீன் பிடிக்கிற கறுப்புப் பறவைக்கும் எங்கள் ஊரில் அதே பெயர்தான். எங்கள் ஆட்களில் ஒருவனுக்கும் ஒரு நாற்காலியை ஆடாமல் நிறுத்தத் தெரியாது. கிடைத்ததை உடனே முழுங்க எல்லாருக்கும் தெரியும். ஆகவே பறவைதான் என்று முடிவு செய்தார்கள். அதைச் சொன்ன அன்றைக்கு மதுக்கடை நாற்காலிகள் எல்லாம் ஆடிக்கொண்டிருந்தன.

பெயர் இப்படிப் பெருகியதற்குக் காரணம் தண்ணீர். மூன்று பக்கமும் தண்ணீர் இருந்தால் பெண் பார்க்க யார் அவ்வளவு தூரம் துடுப்புப் போடுவார்கள்? பக்கத்து வீட்டு மராங்கோன் போதும். ஐம்பத்தொன்றில் பெரிய வெள்ளம் வந்தபோது மற்றப் பெயர்க்காரர்கள் புத்தியாக மிலான் பக்கம் போய்விட்டார்கள். மராங்கோன்கள் கூரை மேல் உட்கார்ந்து தண்ணீர் வடிகிற வரைக்கும் காத்திருந்தார்கள்.

ஆனால் ஊரே ஒரு பெயரில் இருந்தால் கடிதம் எப்படிப் போகும்? பள்ளிக்கூடத்தில் டீச்சர் மராங்கோன் என்றால் ஒன்பது பேர் எழுந்து நிற்போம். அதனால் ஒவ்வொரு கிளைக்கும் ஒரு பட்டப்பெயர். எங்கள் கிளை மண்ணெண்ணெய். எங்கள் தாத்தாவின் அப்பா அடுப்பு சீக்கிரம் பற்றட்டும் என்று மண்ணெண்ணெய் ஊற்றி, அடுப்போடு குடிசையையும் பற்றவைத்தவர். இன்னும் ஏழுசட்டை, பாதிக்கண், கோணல் என்று இருபத்திரண்டு கிளைகள். தபால்பெட்டியில், ஆஸ்பத்திரிச் சீட்டில், கல்லறையில், நகராட்சிக் காகிதத்தில்கூட மராங்கோனுக்குப் பின்னால் அது வரும். கல்யாணமானால் பெண்ணுக்குப் பிறந்த வீட்டுப் பட்டப்பெயர் அன்றோடு சரி, புருஷன் வீட்டுப் பெயர் ஒட்டிக்கொள்ளும். யாரும் கோபித்துக்கொள்வதில்லை. இலாரியோ மட்டும் கோபித்துக்கொண்டார்.

இலாரியோ மராங்கோன், சோப்புத்தின்னி கிளை. யுத்தம் முடிந்த வருஷம் அவருடைய அப்பாவுக்குப் பத்தொன்பது வயது. ஜீப்பில் போன ஒரு வெளிநாட்டுச் சிப்பாய் மஞ்சளாக ஒரு கட்டியை அவர் கையில் கொடுத்தான். பாலாடைக்கட்டி என்று நினைத்து, சதுக்கத்தில் எல்லார் முன்னாலும் பாதியைக் கடித்துவிட்டார். சிப்பாய் பார்த்துக்கொண்டிருந்ததால் துப்ப மனசில்லை. மென்று முழுங்கி, வாயோரம் நுரையோடு, "உப்புதான் கொஞ்சம் கம்மி" என்றாராம். அந்த ஒரு கடிக்கு மூன்று தலைமுறை.

இலாரியோவுக்கு வேலை பம்ப் நிலையத்தில். எங்கள் நிலம் கடலைவிடத் தாழ்வு. இரவும் பகலும் தண்ணீரை இறைத்து ஆற்றுக்குள் தள்ளாவிட்டால் நாங்கள் மராங்கோன் பறவையாகவே ஆகிவிட வேண்டியதுதான். முப்பத்தெட்டு வருஷம் அவர் அந்த மோட்டார்களைப் பார்த்துக்கொண்டார். ஊரிலிருந்து நாலு கிலோமீட்டர் தள்ளி, கரை மேல், நிலையத்தை ஒட்டியே வீடு. அக்கம்பக்கம் கொக்குகள்தான். கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை, நகத்தில் எண்ணெய்க் கறை கிடையாது. பதிவேட்டில் அச்சடித்த மாதிரி எழுத்து. மணி, நீர்மட்டம், எத்தனை மோட்டார் ஓடுகிறது, அவ்வளவுதான் எழுதுவார். அதற்கு மேல் பேசவும் மாட்டார்.

பட்டப்பெயரை எடுக்கச் சொல்லி அவர் மாவட்ட அலுவலகத்துக்கு மனுப் போட்டார். ஆறு வருஷம் அலைந்தார். முத்திரை ஒட்டிய காகிதம் வந்த அன்றைக்கு அதை மதுக்கடை மேஜையில் விரித்து வைத்தார். இனி அவர் வெறும் மராங்கோன், ஊரிலேயே ஒரே ஒரு வெறும் மராங்கோன். எல்லாரும் படித்தார்கள், தலையாட்டினார்கள். "வாழ்த்துகள், சோப்புத்தின்னி" என்றார்கள். அன்றிலிருந்து பட்டப்பெயர் போடாத கடிதம் எல்லாம் அவர் வீட்டுக்குப் போக ஆரம்பித்தது. எவனோ ஒரு மராங்கோன் வேகமாக வண்டி ஓட்டினால் போலீஸ் சீட்டு அவருக்கு வரும். ஒருமுறை குடலிறக்க ஆபரேஷனுக்கே கூப்பிட்டுவிட்டார்கள். மனிதர் அசையவில்லை.

அவர் மனைவி ஜுஸ்தீனா வேறு ரகம். எங்கள் கோயில் புனிதையின் பெயரும் ஜுஸ்தீனாதான் என்பதால் ஊரில் அந்தப் பெயரில் பதினொரு பெண்கள். இவள் பிறந்த வீட்டிலும் மராங்கோன், புகுந்த வீட்டிலும் மராங்கோன். மூன்று சக்கர வண்டியில் பொரித்த மீன் எடுத்துக்கொண்டு ஆறு குடியிருப்புகளுக்குப் போவாள். தூரத்திலிருந்தே, "சோப்புத்தின்னி வந்தாச்சு, கையக் கழுவிட்டு வாங்க" என்று கூவுவாள். போனை எடுத்தால், "சோப்புத்தின்னி வீடு, சொல்லுங்க" என்பாள். கரையோரத் தபால்பெட்டியில் இலாரியோ பித்தளைத் தகடு ஒன்று திருகி வைத்திருந்தார், இ. மராங்கோன் என்று. அதன் கீழே அவள் புண்ணுக்குப் போடுகிற வெள்ளைப் பிளாஸ்திரி ஒன்றை ஒட்டிப் பேனாவால் சோப்புத்தின்னி என்று எழுதியிருப்பாள். அவர் பிய்ப்பார். அவள் ஒட்டுவாள். பதினாறு வருஷம் இது நடந்தது. அவர்களுக்குள் வேறு சண்டை எதையும் நான் கேள்விப்பட்டதில்லை.

நானும் என் பங்கைச் செய்தேன். ஜனவரி ஆறாம் தேதி துடைப்பத்தில் ஏறி வருகிற கிழவி பெஃபானா நல்ல பிள்ளைகளுக்கு மிட்டாயும் கெட்ட பிள்ளைகளுக்குக் கரியும் வைத்துவிட்டுப் போவாள். ஒன்பது வயதிலிருந்து அந்தத் தேதியில் நான் இலாரியோவின் தபால்பெட்டியில் ஒரு சோப்புக்கட்டி வைத்துவிட்டு வருவேன். ஏழு கட்டி ஆகியிருந்தது.

போன அக்டோபர் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜுஸ்தீனா இறந்துபோனாள். வண்டியில் எண்ணெய்ச் சட்டியை ஏற்றும்போது கீழே விழுந்தாள். ஆம்புலன்ஸ் நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கிற ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிற்று. திங்கள் காலை முடிந்துவிட்டது. கரை மேல் நடந்தது, ஊரில் யாரும் பார்க்கவில்லை.

எங்கள் பக்கம் சாவை ஊருக்குச் சொல்வது சுவர். கறுப்புக் கட்டம் போட்ட நோட்டீஸ், மதுக்கடைச் சுவரில், கோயில் பக்கத்தில், பேருந்து நிற்கிற இடத்தில். அதை அடிக்கிறவர் சவப்பெட்டிக்காரர் துல்லியோ. திங்கள் மத்தியானம் இலாரியோ அவர் கடைக்குப் போய் நின்றுகொண்டே வாசகம் சொன்னாராம். பதிவேட்டில் எழுதுகிற மாதிரி நாலே வரி. ஜுஸ்தீனா மராங்கோன். வயது எழுபத்தொன்று. இன்று மாலை ஆறு மணிக்கு வீட்டில் ஜபமாலை, நாளை மூன்று மணிக்குக் கோயிலில் அடக்கத் திருப்பலி. இப்படிக்குக் குடும்பத்தார்.

படம் கேட்டிருக்கிறார் துல்லியோ. படம் இல்லை. கேமராவைப் பார்த்தால் ஜுஸ்தீனா கையால் முகத்தை மூடிக்கொள்வாள், எல்லாப் படத்திலும் ஐந்து விரல்தான் தெரியும். சரி, பட்டப்பெயர்?

"வேணாம்."

"அது இல்லேன்னா எந்த ஜுஸ்தீனான்னு தெரியாதுண்ணே."

"தெரிஞ்சவங்களுக்குத் தெரியும்" என்றாராம் இலாரியோ. ஆறு வருஷம் அலைந்து எடுத்த பெயரைத் தன் மனைவியின் சாவு நோட்டீஸில் தானே போடுவதா என்று நினைத்திருப்பார். துல்லியோ அதற்கு மேல் வாதாடவில்லை. சாவு வீட்டுக்காரரோடு எவன் வாதாடுவான்? இருபத்தாறு நோட்டீஸ் அடித்து ஆறு குடியிருப்புகளிலும் ஒட்டிவிட்டு, ஒரு சவத்தை எடுத்துவரப் படுவாவுக்குப் போய்விட்டார். பாதிரியாரை விட்டால் ஊரில் விஷயம் தெரிந்த ஒரே ஆள் அப்படி ஊரில் இல்லாமல் போனார்.

இங்கேதான் எங்கள் வீடு வருகிறது. என் அப்பாவின் அக்கா, ஜுஸ்தீனா அத்தை, மண்ணெண்ணெய் கிளை, வயது எழுபத்தொன்று. இரண்டு வருஷமாகப் படுக்கை. டாக்டர் மூன்று முறை நாள் குறித்துவிட்டார், அத்தை மூன்று முறையும் தட்டிக்கழித்துவிட்டாள். நோட்டீஸைப் பார்த்த எவருக்கும் சந்தேகமே வரவில்லை. போன வாரம் மீன் விற்றுக்கொண்டு போன ஜுஸ்தீனாவை யார் நினைப்பார்கள்? மண்ணெண்ணெய் ஜுஸ்தீனா கடைசியில் போய்விட்டாள் என்று ஊரே பெருமூச்சு விட்டது.

அப்பா சிப்பி எடுக்க உப்பங்கழிக்குப் போயிருந்தார். அம்மா சிப்பி பொதி கட்டுகிற இடத்தில் மாலை வேலை. நான்தான் அத்தைக்குக் காவல். அத்தை காதில் மாட்டுகிற கருவியைக் கழற்றிவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். ஆறு மணிக்குக் கதவு தட்டினார்கள். ஏழுசட்டை வீட்டு அக்கா தங்கை இரண்டு பேர், கறுப்பு உடுப்பு, கையில் கோழிச்சாறுப் பானை. என்னைப் பார்த்ததும் பெரியவள் அழுதுவிட்டாள். "பாவம்டா உங்க அத்தை. ரொம்பக் கஷ்டப்பட்டாளா?" என்றாள்.

எனக்குப் புரிய ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. உயிரோடுதான் இருக்கிறாள் என்று சொல்லியிருக்கலாம். நான் தலையைக் குனிந்துகொண்டு, "இல்லக்கா, தூங்கற மாதிரியே இருக்காங்க" என்றேன். பொய் ஒன்றுமில்லை.

அடுத்தடுத்து வந்தார்கள். இருபத்தைந்து பேர் இருப்பார்கள். பார்க்கலாமா என்று கேட்டவர்களிடம் இப்போது வேண்டாம் என்றேன். சமையலறையில் நின்றபடி ஜபமாலை தொடங்கினார்கள். பாதிரியார் ஏன் இன்னும் வரவில்லை என்று ஒருவர் முணுமுணுத்தார். அத்தை எவ்வளவு தங்கமானவள் என்று பேசிக்கொண்டார்கள். அவளிடம் வாங்கிய வெள்ளித் தட்டைத் திருப்பித் தரவில்லை என்று பாதிக்கண் வீட்டு மருமகள் என்னிடம் காதோடு ஒத்துக்கொண்டாள். நான் வாழ்க்கையில் இவ்வளவு கஷ்டப்பட்டுச் சிரிப்பை அடக்கியதில்லை. நாற்பது நிமிஷம் அப்படிப் போயிற்று.

பிறகு உள்ளறையிலிருந்து குரல் வந்தது. "எவன்டா அது, என் அடுப்படியில கூட்டம் போட்டு ஜபம் பண்றது?"

ஜபம் பாதியில் நின்றது. ஒருத்தி கையிலிருந்த மாலை தரையில் விழுந்தது. அந்த நேரம் பார்த்து அப்பா ரப்பர் காலணியோடு உள்ளே வந்தார். கூட்டத்தைப் பார்த்தார், பானையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கன்னத்தில் அறை விழுந்தது. அது பரவாயில்லை.

அறைந்த கையோடு அவர் நோட்டீஸைக் கேட்டு வாங்கிப் படித்தார். அப்படியென்றால் எந்த ஜுஸ்தீனா? எல்லாரும் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார்கள். ஏழுசட்டை ஜுஸ்தீனாவைக் காலையில் மதுக்கடையில் பார்த்தாயிற்று. பாதிக்கண் ஜுஸ்தீனாவுக்கு வயது முப்பது. கோணல் ஜுஸ்தீனா மகள் வீட்டில், சற்று முன்புதான் போனில் பேசினாள். எட்டு, ஒன்பது, பத்து. பதினொன்றாவது யார்? ஏழுசட்டை வீட்டுச் சின்னவள்தான் மெல்லச் சொன்னாள்: "வியாழக்கிழமை என்கிட்ட மீன் வித்தாளே."

அத்தையைத் தலையணையில் சாய்த்து உட்கார வைத்து, கருவியை மாட்டிவிட்டு அப்பா விஷயத்தைச் சொன்னார். இரண்டு ஜுஸ்தீனாக்களும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. அத்தையிடம் யாரோ ஏற்கெனவே கோழிச்சாறு கொடுத்திருந்தார்கள். அவள் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தாள். "போங்க எல்லாரும். என்ன ஏன் பாத்துக்கிட்டு நிக்கறீங்க? அங்க அவன் தனியா இருப்பான்" என்றாள்.

ஏழெட்டு வண்டியில் கரை வழியாகப் போனோம். எதிரே பாதிரியார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். காங்கோவிலிருந்து வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. சவப்பெட்டிக்குப் பக்கத்தில் அவரும் இலாரியோவும் மட்டும் உட்கார்ந்து முழு ஜபமாலையும் சொல்லி முடித்திருக்கிறார்கள். இந்த ஊரில் இப்படித்தான் போலிருக்கிறது, சாவு வீட்டுக்கு யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டாராம்.

வீட்டு வாசலில் முப்பது நாற்காலி போட்டிருந்தது. பம்ப் நிலையத்து நாற்காலிகள், ஒன்றுகூட ஆடாது. இலாரியோ அவற்றை மடக்கி ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்த்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தும் மடக்குவதை நிறுத்தவில்லை.

"இப்பதான் வழி தெரிஞ்சுதா?" என்றார். "உங்களுக்கு என் மேல கோவம், எனக்குத் தெரியும். அவ என்ன பண்ணா உங்கள? ஆறு ஊருக்கும் மீன் பொரிச்சுக் குடுத்தா."

அப்பா தொப்பியைக் கழற்றிக்கொண்டு முன்னால் போனார். "கோவமெல்லாம் இல்லண்ணே. தெரியல. எல்லாரும் என் வீட்ல உக்காந்து எங்கக்காவுக்கு ஜபம் பண்ணிட்டிருந்தாங்க. நோட்டீஸ்ல பேரே இல்லையே."

"மராங்கோன்னு போட்டிருக்கே."

"அது பேராண்ணே? அது ஊரு."

இலாரியோ கையிலிருந்த நாற்காலியை மடக்காமல் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு அதை விரித்துத் தரையில் வைத்தார். நாங்கள் மற்றதை விரித்தோம். ஏழுசட்டைச் சகோதரிகள் பானையை அடுப்பில் வைத்தார்கள். ஜபமாலை முதலிலிருந்து தொடங்கியது. அன்றைக்கு எல்லாருக்கும் அது இரண்டாவது முறை.

ஆனால் ஊர் தெரிந்துகொண்டதே தவிர, மற்ற ஐந்து குடியிருப்புகளில் நோட்டீஸ் அப்படியேதான் இருந்தது. அவளிடம் முப்பது வருஷம் மீன் வாங்கித் தின்றவர்கள் அதைக் கடந்து போய்க்கொண்டிருந்தார்கள். அடக்கம் மறுநாள் மூன்று மணிக்கு.

செவ்வாய் விடிந்ததும் இலாரியோ அவளுடைய மூன்று சக்கர வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். பொரித்த எண்ணெய் வாசனை அடிக்கிற வண்டி. கையில் பம்ப் நிலையத்தில் குழாய்மேல் எண் எழுதுகிற தடித்த பேனா, தண்ணீரில் அழியாத மை. வயலோரம், படகுத்துறை, பேருந்து நிற்கிற இடம், ஒவ்வொரு சுவராக நின்று, மராங்கோனுக்கும் வயதுக்கும் நடுவே இருந்த வெள்ளை இடத்தில் பதிவேட்டு எழுத்தில் எழுதினார். சோப்புத்தின்னி.

கடைசியாகத்தான் எங்கள் ஊருக்கு வந்தார். மதுக்கடையிலிருந்து ஆட்கள் வெளியே வந்து நின்றார்கள். படுவாவிலிருந்து திரும்பியிருந்த துல்லியோ ஓடி வந்து, ஒரு மணி நேரத்தில் புதுசாகவே அடித்துத் தருகிறேன் என்றார். "என்னால போனது, நான் எழுதறேன்" என்றுவிட்டு இலாரியோ எழுதினார்.

எங்கள் வீட்டுக்கு எதிரே கோயில் சுவரில் ஒன்று இருந்தது. நான் ஜன்னலில் நின்றேன். எழுதி முடித்துத் திரும்பியவர் என்னைப் பார்த்தார்.

"நேத்து கதவத் திறந்தது நீதானா?"

"ஆமா."

"எவ்வளவு நேரம்?"

"நாப்பது நிமிஷம்."

அவர் பேனாவின் மூடியைத் தேடிக் கண்டுபிடித்துப் போட்டார். "அவளா இருந்தா சிரிச்சிருப்பா" என்றார். "எனக்கு வரல."

மூன்று மணிக்குக் கோயில் கொள்ளவில்லை. ஆறு குடியிருப்பும் வந்திருந்தது. வாசலைத் தாண்டிச் சாலை வரைக்கும் நின்றார்கள். அத்தை சக்கர நாற்காலியில் வந்தாள், இரண்டு வருஷத்தில் முதல் முறையாக வெளியே. வழியெல்லாம் தெருக்கல்லைத் திட்டிக்கொண்டே வந்தாள். பாதிரியாருக்கு எங்கள் வழக்கம் ஒன்றும் தெரியாது. சுவரில் இருந்ததைப் பார்த்து எழுதி வைத்திருந்தார் போல. பீடத்திலிருந்து, ஏதோ புனிதையின் பட்டம் மாதிரி நிறுத்தி நிதானமாக, "நம் சகோதரி ஜுஸ்தீனா மராங்கோன் சோப்புத்தின்னி" என்று படித்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் இலாரியோ, பதிவேட்டில் எண் சரியாக இருந்தால் தலையாட்டுகிற மாதிரி ஒருமுறை தலையாட்டினார்.

அதற்குப் பிறகு அவர் மாறிவிட்டார் என்று சொல்ல முடியாது. சட்டைப் பொத்தான் கழுத்து வரைக்கும்தான் இருக்கிறது. மதுக்கடையில் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட்டால் இன்றும் திரும்ப மாட்டார். போலீஸ் சீட்டுகள் இன்னும் அவர் வீட்டுக்குத்தான் போகின்றன.

இந்த ஜனவரி ஆறாம் தேதி காலை, பழக்க தோஷத்தில் நான் கரைக்குப் போனேன். டிசம்பர் முழுக்க மழை. தபால்பெட்டியில் பித்தளைத் தகடு மட்டும்தான் மிஞ்சியிருக்கும் என்று நினைத்தேன். கீழே வெள்ளைப் பிளாஸ்திரி இருந்தது, புதுசு. அதில் தடித்த பேனா மையில் அச்சு மாதிரி எழுத்து. ஓரம் பிரியாமல் இருக்க நாலு மூலையிலும் சின்ன ஆணி அடித்திருந்தது.

கையில் இருந்த சோப்பை என்ன செய்வது என்று தெரியவில்லை. சட்டைப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அத்தை அதில்தான் கை கழுவிக்கொண்டிருக்கிறாள். வாசனை நல்லாயில்லையாம்.